படத்தில் தன் ஜன்னலைக் கண்டுபிடித்த மேனேஜர்

தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் கேட்டிருக்கிறார்: “‘தி ஆபீஸ்’ அமெரிக்கத் தொடரில் ‘பிசினஸ் ஸ்கூல்’ எபிசோடை நேற்று ராத்திரி பார்த்தேன். முக்கால்வாசி நேரமும் அந்த மைக்கேல் மேல் எரிச்சல்தான் வந்தது. எங்கள் மேனேஜரே கண் முன்னால் வந்து நின்றார். கடைசியில் பேம் வரைந்த படத்தை அவர் பார்க்கிற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஆள் மேல் இரண்டும் எப்படி வருகிறது? அந்தக் காட்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?”

கும்பகோணத்தில் எங்களுக்குக் காகிதக் கடை. ரீம் கணக்கில் பேப்பர், பில் புக், லெட்ஜர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அட்டை, இதுதான் அப்பா காலத்திலிருந்து வியாபாரம். காகிதம் விற்கிற ஒரு சின்னக் கம்பெனியைப் பற்றி நகைச்சுவைத் தொடர் இருக்கிறது என்று தம்பி மகன் சொல்லித்தான் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்பது சீசனையும் மூன்று தடவை முழுசாகப் பார்த்தாயிற்று. இந்த எபிசோடை அதற்கு மேலேயே பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் ஸ்லாவ் என்ற ஊரை வைத்து 2001-இல் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எடுத்த தொடர்தான் மூலம். அதை அமெரிக்காவுக்கு ஏற்றபடி கிரெக் டேனியல்ஸ் மாற்றி எடுத்தார். 2005 மார்ச்சிலிருந்து 2013 மே வரை ஓடியது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் என்ற பழைய நிலக்கரி ஊரில் டண்டர் மிஃப்லின் என்ற காகிதக் கம்பெனியின் கிளை அலுவலகம். அதன் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கேரல், வரவேற்பாளர் பேமாக ஜென்னா ஃபிஷர். யாரோ ஆவணப்படம் எடுக்க வந்திருக்கிற மாதிரி கேமரா ஓரமாக நின்று பார்க்கும். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. எங்கே சிரிப்பது, எங்கே சும்மா இருப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் கேட்கிற காட்சிக்கு இது முக்கியம்.

இந்த எபிசோடு 2007 பிப்ரவரி 15 அன்று வந்தது. எழுதியவர் பிரென்ட் ஃபாரெஸ்டர், இயக்கியவர் ஜாஸ் வீடன். மூன்று கதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றில், வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ படிக்கிற ரயன் தன் வகுப்பில் பேச மைக்கேலைக் கூட்டிப் போகிறான். இரண்டாவதில், அலுவலகக் கூரைக்குள் வௌவால் புகுந்து எல்லோரையும் அலற வைக்கிறது. மூன்றாவதில், பேம் படிக்கிற ஓவிய வகுப்பு மாணவர்களின் கண்காட்சி. அலுவலகத்தில் எல்லோரையும் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

வௌவால் கதையைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் வௌவால் தலைக்கு மேல் பறக்கிறதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூச்சல் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அலுவலகத்தில் விற்பனை பார்க்கிற டுவைட் வேட்டைக்குப் போகிற மாதிரி கிளம்புவதும், கடைசியில் கூட வேலை பார்க்கிற மெரடித்தின் தலையோடு சேர்த்து வௌவாலைப் பையில் பிடிப்பதும், கடிபட்டு ரத்தக்காட்டேரி ஆகிக்கொண்டிருக்கிறவன் மாதிரி இன்னொரு விற்பனையாளன் ஜிம் நடிப்பதும் நன்றாகவே இருக்கும். ரத்தக்காட்டேரிகளை வைத்துப் ‘பஃபி’ என்ற புகழ்பெற்ற தொடரை உருவாக்கியவர்தான் வீடன் என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் உங்களை அழவைத்தது மற்ற இரண்டு கதைகள் ஒன்றோடொன்று முட்டுகிற இடம். அங்கேதான் நான் நிற்கப் போகிறேன்.

மைக்கேலுக்கு அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். வகுப்பில் பேசக் கூப்பிட்டதே அவருக்குப் பெரிய கௌரவம். ரயனுக்கோ முதலாளியைக் கூட்டி வந்தால் மதிப்பெண் கூடும் என்பதுதான் கணக்கு. அவரை உள்ளே விடுவதற்கு முன்பே வகுப்பில் அவன் சொல்லி வைத்துவிட்டான்: இந்தக் கம்பெனி காலத்துக்கு ஏற்ப மாறவில்லை, இன்னும் சில வருஷத்தில் இருக்காது. இது தெரியாமல் மைக்கேல் உள்ளே வந்து ஆட்டம் போடுகிறார். ஒரு மாணவரின் பாடப்புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைக் கிழிக்கிறார். உங்களுக்கு எரிச்சல் வந்தது நியாயம், எனக்கும் வரும். காகிதம் விற்கிறவன் புத்தகத்தைக் கிழிக்கலாமா? அப்புறம் கேள்வி நேரத்தில் ஒரு மாணவர் மூலம் விஷயம் வெளியே வருகிறது. தன்னிடம் வேலை பார்க்கிற பையனே தன் முதுகுக்குப் பின்னால் தன் பிழைப்பைச் செத்தது என்று சொல்லியிருக்கிறான். மைக்கேல் முகம் மாறுவதை அங்கே கவனியுங்கள். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு நொடி வெறுமையாக நிற்கிறார். மனிதர்கள் இருக்கிற வரை வியாபாரம் இருக்கும் என்று அதற்குப் பிறகு அவர் பேசுவது, அந்த வெறுமையை மூடப் பேசுகிற பேச்சு.

அதே சாயங்காலம் பேமுக்கு என்ன நடந்தது? தன் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களை மாட்டிவிட்டு ஒரு பெண் தனியாக நிற்கிறாள். அவள் காதலன் ராய் வருகிறான். அவளோடு மறுபடி சேர்ந்த புதுசு, நல்ல பேர் வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் உன் படம்தான் அழகு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். நம் பக்கத்தில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது, தலையைக் காட்டிவிட்டுப் போவது. அப்புறம் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஆஸ்கர் தன் துணைவர் கில்லோடு வருகிறார். பேம் பின்னால் நிற்பது தெரியாமல் கில் சொல்கிறார்: இதெல்லாம் லாட்ஜ் ரூமில் மாட்டுகிற படம்; உண்மையான கலைக்குத் துணிச்சல் வேண்டும், நேர்மை வேண்டும். ஆஸ்கர் அதை மறுக்கவில்லை. அவை இரண்டும் பேமிடம் கொஞ்சம் குறைவுதான் என்கிறார்.

இந்த இரண்டு அடியும் ஒரே இடத்தில் விழுகிற அடி. நீ செய்கிற காரியத்துக்கு மதிப்பில்லை என்று, விவரம் தெரிந்த ஒருவர், நீ பக்கத்தில் இல்லை என்ற நினைப்பில் சொல்லிவிடுகிறார். திரைக்கதையில் இது வெளியே தெரியாமல் போட்ட முடிச்சு. ஊரின் இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தி. இவர் பட்டது அவளுக்குத் தெரியாது, அவள் பட்டது இவருக்குத் தெரியாது. நமக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

பேம் படங்களைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்த பிறகுதான் மைக்கேல் ஓட்டமாக வந்து சேர்கிறார், நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. இனி அவர் என்ன சொல்கிறார் என்பதை வரிசையாகப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்கிறது. முதலில், இதையெல்லாம் கையாலேயே வரைந்தாயா, அச்சில் வைத்து எடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது என்று வியக்கிறார். ஓவியம் தெரிந்த யாரும் இப்படிப் பாராட்ட மாட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்ததை முழுசாகச் சொல்கிறார். அடுத்து, அலுவலகக் கட்டிடத்தை வரைந்த படத்தின் முன்னால் வந்து நிற்கிறார். விலை என்ன என்கிறார். இதில் விலை போடவில்லையே என்கிறார். பேம் அதை எதிர்பார்க்கவே இல்லை; வாங்கப் போகிறீர்களா என்று கேட்கிறாள். ஆமாம், ஆபீசில் இது இருந்தே ஆக வேண்டும் என்கிறார்.

அதற்கு அடுத்ததுதான் உங்களை அழவைத்த இடம் என்று நினைக்கிறேன். அவர் படத்துக்குள் தேட ஆரம்பிக்கிறார். இதோ என் ஜன்னல். இதோ என் கார். அது உன் காரா? அப்புறம், இது நம் கட்டிடம், நாம் காகிதம் விற்கிறோம் என்று, ஏதோ மறந்து போயிருந்ததை யாரோ ஞாபகப்படுத்திய மாதிரி மெதுவாகச் சொல்கிறார்.

இதற்கு என் கடையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் சில பழைய வியாபாரிகளின் பில் புக்கில் தலைப்புக்கு மேலே அவர்கள் கடையின், மில்லின் கோட்டுப்படம் இருக்கும். யாராவது வரைந்து கொடுத்ததைப் பிளாக் எடுத்து வைத்திருப்பார்கள். திருவிடைமருதூர் பக்கத்தில் அரிசி மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களிடம்தான் வாடிக்கை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அவர் மகன் பில் போடுவதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார். ஆனாலும் ஆயுத பூஜைக்கு முன்னால் பெரியவர் நேரே வந்து ஒரே ஒரு பில் புக் அடிக்கச் சொல்வார், பூஜையில் வைப்பதற்கு. ஒரு வருஷம் புரூஃப் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “தம்பி, இது நம்ம கேட்டு. இது புகைபோக்கி. இந்தத் தென்னமரம் தானே புயல்ல போச்சு?” 2018 கஜா புயலில் விழுந்த மரம். அந்தப் படத்தை அவர் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் புதுசாகப் பார்த்தார். கோடு சரியா, நிழல் சரியா என்று அவர் பார்க்கவே இல்லை. நாம் இருந்த இடத்தை இன்னொருவன் உட்கார்ந்து உற்றுப் பார்த்திருக்கிறான், அது ஒரு காகிதத்தில் நிற்கிறது என்பதே அவருக்குப் போதும்.

மைக்கேல் பார்ப்பதும் அந்த மாதிரிதான். கில் படத்தை மட்டும் பார்த்தார். ராய் பேமை மட்டும் பார்த்தான், அதுவும் அவசரமாக. மைக்கேல் பார்ப்பது அவள் என்ன பார்த்தாள் என்பதை. அவள் பார்த்ததற்குள் தானும் இருக்கிறோம், தன் காரும் இருக்கிறது என்று கண்டதும் நெகிழ்ந்து போகிறார். கொஞ்ச நேரம் முன்னால்தான் அந்தக் கட்டிடத்துக்கு எதிர்காலம் இல்லை என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இங்கே யாரோ அதையே ஒரு பொருட்டாக மதித்து வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அவர் ஆறுதல் சொல்ல வரவில்லை. அவருக்கும் ஆறுதல் தேவைப்படுகிறது என்று அவளுக்குத் தெரியாது. படம் நடுவில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. அதன் பிறகு, உன்னை நினைத்தால் எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்கிறார். பேம் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொள்கிறாள். உடனே, உங்கள் பாக்கெட்டில் என்னமோ இருக்கிறதே என்கிறாள். சாக்லேட். பாதி வேண்டுமா என்று கேட்கிறார். இந்தச் சாக்லேட் இல்லாவிட்டால் காட்சி சர்க்கரைப் பாகாகப் போயிருக்கும். தொடர் முழுக்க நாம் பார்த்த அதே ஆள்தான், திருந்திய ஆளாக மாற்றிக் காட்டவில்லை என்பதற்கு அது சாட்சி.

“நாம் காகிதம் விற்கிறோம்” என்ற அந்த வரி எனக்குத் தொண்டையை அடைக்கிற வரி. எங்கள் கடைக்கு வருகிற பேப்பரில் பெரும்பங்கு கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் தயாராவது. 1984-இல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அதே காவிரிதான் எங்கள் ஊருக்கும் வருகிறது. ரீமைப் பிரித்து, ஓரத்தை விசிறி மாதிரி விரித்து, கட்டை விரலால் ஐந்து ஐந்தாக எண்ணும்போது வருகிற அந்த வாசனை எனக்கு வேறு எங்கேயும் கிடைக்காது. தொழிலைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும். மைக்கேலுக்கு அந்த வார்த்தை ஒரு நீர்வண்ணப் படமாக வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பலபேர் இந்த எபிசோடைப் பற்றி எழுதும்போது ஆஸ்கரையும் கில்லையும் ரயனையும் வில்லன்களாக்கிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் சொன்னது மூன்றும் சரி. ரயனின் ஆரூடம் பலித்தது. ஆறாவது சீசனில் டண்டர் மிஃப்லின் கவிழ்கிற நிலைக்கு வந்து, சேபர் என்ற பிரின்டர் கம்பெனி அதை வாங்குகிறது. எங்கள் கடையிலும் பில் புக் ஆர்டர் முன்பு போல் இல்லை. தெர்மல் ரோலும் வாட்ஸ்அப் அழைப்பிதழும் வந்த பிறகு பாதி ரகத்தை நாங்களே நிறுத்திவிட்டோம். கில் சொன்னதும் சரிதான். அந்தப் படங்கள் அடக்கமானவை, பயந்து பயந்து வரைந்தவை. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் தாள் வாங்க வருவார்கள். சிலபேர் மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்து வரைந்ததைக் கொண்டுவந்து காட்டுவார்கள். முதல் வருஷப் பிள்ளைகளின் கோட்டில் அதே பயம் இருக்கும். அதைச் சொல்லித் திருத்துகிற ஆசிரியர் அவர்களுக்கு வேண்டும்.

அப்படியானால் எழுத்தாளர் ஏன் மைக்கேல் பக்கம் நிற்கிறார்? மைக்கேல் வந்தார். வந்து நின்று பார்த்தார். நம் பக்கத்துக் கல்யாணத்திலும் சாவிலும் யார் வந்தது, யார் வரவில்லை என்பது எத்தனை வருஷமானாலும் மறக்காது. மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தொகையை விட அந்தப் பேர் அங்கே இருப்பதுதான் கண்ணில் படும். பேம் கூப்பிட்டது முழு அலுவலகத்தையும். அவள் மனசுக்கு நெருக்கமான ஜிம் கூட வரவில்லை.

ஆஸ்கரின் சொல் வீண் போகவும் இல்லை. அதே சீசனில் 2007 மே 10 அன்று வந்த ‘பீச் கேம்ஸ்’ எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். மைக்கேல் எல்லோரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தீக்கங்குகளைப் பரப்பி நடக்கச் சொல்கிறார். யாரும் நடக்கத் துணியவில்லை. டுவைட் கங்கின் மேலேயே நின்று காலைப் புண்ணாக்கிக்கொள்கிறான். இருட்டிய பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, பேம் தனியாக அதைக் கடக்கிறாள். அந்த வேகத்தோடு எல்லோர் முன்னாலும் ஓடிவந்து நின்று, மனசில் இருந்ததைக் கொட்டுகிறாள். என் கண்காட்சிக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று அப்போதுதான் கேட்கிறாள். ஜிம்மிடமும் சொல்ல வேண்டியதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறாள்.

அமெரிக்காவில் இதைக் கம்பெனிப் பயிற்சிகளில் நடக்கிற கேலிக்கூத்தாகப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நமக்கு வேறு மாதிரி படும். டெல்டாக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பார்த்திருப்பீர்கள். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் துணியோடு குழி இறங்கிக் கரையேறின பெண்ணின் முகம் கொஞ்ச நேரத்துக்கு வேறு முகமாக இருக்கும். வருஷம் முழுக்க வீட்டில் வாய் திறக்காதவள் அன்று பேசுவாள், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பேம் ஓடிவந்து நிற்கும்போது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. துணிச்சலும் நேர்மையும் குறைவு என்று பிப்ரவரியில் சொன்னார்கள். மே மாதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டாள். கில் கொடுத்த அடி இல்லாமல் அவள் அங்கே வந்திருக்க மாட்டாள். மைக்கேல் அந்தப் படத்தை வாங்காமல் போயிருந்தால், அடி வாங்கின கையோடு தூரிகையையே கீழே வைத்திருப்பாள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, ஒரே ஆள் மேல் எரிச்சலும் பாசமும் எப்படி வருகிறது என்ற உங்கள் முதல் கேள்வி. மைக்கேலிடம் இருப்பது ஒரே குணம்தான். மனசில் பட்டதை வடிகட்டாமல் அப்படியே கொட்டிவிடுவார். வகுப்பில் அந்தக் குணம் புத்தகத்தைக் கிழிக்கிறது. கண்காட்சியில் அதே குணம், நாகரிகம் தெரிந்தவர்கள் கூச்சத்தில் விழுங்கிவிடுகிற பாராட்டை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறது. எழுத்தாளர் கடைசியில் அவருக்கு ஒரு நல்ல குணத்தைப் புதிதாக ஒட்டவைக்கவில்லை. பொருத்தமில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி நம்மை நெளியவிட்டு, பிறகு பொருத்தமான இடத்துக்குக் கூட்டி வருகிறார். ரயனிடமும் அப்படித்தான். கோபத்தில் வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். நல்ல மேனேஜர் ஆட்களை அனுப்ப மாட்டான், சேர்ப்பான் என்று சொல்லிவிட்டு, காதலி கெல்லியின் ஓயாத பேச்சிலிருந்து தப்பித்துக்கொண்டு திரிந்தவனை அவளுக்குப் பக்கத்து மேஜைக்கு மாற்றுகிறார்.

உங்கள் மேனேஜரைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. எரிச்சலூட்டுகிற எல்லோருக்குள்ளும் ஒரு மைக்கேல் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. தினம் அவமானப்படுத்துகிற ஆள் ஒரு நாள் நல்ல வார்த்தை சொன்னதற்காக எல்லாவற்றையும் மறக்க வேண்டியதும் இல்லை.

மைக்கேல் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டுபோய் அலுவலகச் சுவரில் மாட்டுகிறார். ஏழாவது சீசனில் அவரே ஊரைவிட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். 2013 மே 16 அன்று வந்த கடைசி எபிசோடில், எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், பேம் அதைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறாள். ‘பீச் கேம்ஸ்’ முடித்த கையோடு மற்ற சீசன்களையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், நடுநடுவே அந்தச் சுவரின் பக்கம் ஒரு பார்வை வைத்திருங்கள்.